வாசலில் நிற்கும் வெள்ளைக்காரருக்கு ஒரு அர்ச்சனை

மொன்றியலில் இருந்து வந்து, மருமகன் ரவியின் காரில் றிச்மண்ட் ஹில் பக்கத்துக் கோயில் வாசலில் இருக்கிறேன். என் மனுசி இன்று கொழும்பில் பிளேன் ஏறுகிறாள். அவள் சுகமாக வந்து சேர மத்தியானப் பூசையில் அர்ச்சனை செய்வதாக நேர்த்தி. பூசைக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. கார் நிறுத்தத்தான் இடமில்லை.

கார்களை ஒழுங்குபடுத்தும் வெள்ளைக்காரர் எங்களை மறிக்கிறார். ரவி இங்கிலீசில் இடம் கேட்கிறான். அவரோ கோயில் ஒலிபெருக்கியின் அதே குரலில், "மெய்யடியார்களே, அமைதி காக்கவும்" என்கிறார்.

ரவிக்குச் சூடேறுகிறது. "உலகமே இவையின்ர பாசை பேசுது மாமா. உவருக்கு என்னத்துக்குத் தமிழ்?"

நான் கண்ணாடியை இறக்கிக் கும்பிடுகிறேன். "ஐயா, மனுசிக்காக நேர்த்தி. பூசை தொடங்கப் போகுது."

"மெய்யடியார் இறங்கவும். வாகனம் பின்புறம் செல்லவும்."

இறங்கியதும் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "தமிழ் ஏன் படிச்சனீங்கள்?"

"இங்கிலீசில் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை. மெய்யடியார்களே என்றேன். எல்லாரும் திரும்பினார்கள்."

பனியில் வழுக்கி வழுக்கி ஓடுகிறேன். திரை இன்னும் திறக்கவில்லை. ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்கிறார். மனுசியினுடையதைச் சொல்கிறேன். மனம் கேட்கவில்லை.

"ஐயா, வாசல்லை நிக்கிற வெள்ளைக்காரருக்கும் ஒண்டு. நட்சத்திரம்தான் தெரியாது."

"அவரோ? திருவாதிரை" என்கிறார் ஐயர், தட்டை வாங்கியபடி. "இண்டைக்கு நீங்கள் ஆறாவது ஆள்."