கோபத்தால் செத்த பேரரசர்

செத்துப்போன ஒரு பேரரசரைப் பற்றி உயிரோடு இருப்பவர்களிடம் பேசிப் பிழைப்பது என் தொழில். நான் ஜேர்மனியின் ட்ரியர் நகரத்தில், பஸ்ஸில் வரும் தமிழ்க் கூட்டங்களுக்குச் சுற்றுலா வழிகாட்டி. பேரரசர் வலெந்தீனியன். ரோமப் பேரரசின் மேற்குப் பாதியை இங்கே இருந்துதான் ஆண்டார்.

காய்ச்சலும் கதிரையும்

ஒருமுறை வலெந்தீனியன் படுத்த படுக்கையானார். ஆள் தப்பமாட்டார் என்று, அடுத்து அரச கதிரையில் யார் என அரண்மனையில் குசுகுசுக்கத் தொடங்கிவிட்டார்கள். அவரோ எழும்பிவிட்டார். எழும்பிய கையோடு எட்டு வயது மகனுக்கு இணைப் பேரரசராக முடிசூட்டி எல்லோர் வாயையும் அடைத்தார்.

கார்ல்ஸ்ரூஹேயில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மதுரைக்காரர் ஒருவர், நீண்ட மருத்துவ லீவு முடித்தவராம், பெருமூச்சு விட்டார். "பரவாயில்லை மேடம், நான் திரும்பி வந்தப்போ என் சீட்டுல வேற ஒருத்தர் இருந்தார். ஆனா எட்டு வயசுப் பையன் இல்ல."

காட்டுக்குப் போன கரடி

மனிதரைத் தின்னும் இரண்டு கரடிகளைத் தன் படுக்கையறைக்குப் பக்கத்தில் கூண்டில் வைத்து வளர்த்தாராம். ஒன்றுக்குப் பெயர் 'அப்பாவி'. மரண தண்டனை பெற்றவர்களைத் தின்னும் வேலையை நன்றாகச் செய்ததற்காகப் பிறகு அதைக் காட்டில் விட்டுவிட்டார். இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஓர் அக்கா என் கையைப் பிடித்தார். "பிள்ளை, எங்கட பஸ் நிக்கிறது அந்தக் காட்டுப் பக்கமோ?"

மண்டபத்தில் ஒரு சத்தம்

பீலெஃபெல்டிலிருந்து வந்த சிவம் அண்ணையை மறக்க ஏலாது. பேர்லினில் வேலை கிடைத்திருக்கிறது, தனியாகப் போய் இருக்கப் போகிறேன் என்று மகள் பஸ்ஸில் வைத்துத்தான் சொல்லியிருக்கிறாள். நான் அரண்மனை மண்டபத்தில், இப்போது அது தேவாலயம், பேரரசரின் சாவைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரி நாட்டுத் தூதர்கள் சாக்குப்போக்குச் சொல்ல, அவர் கத்து கத்தென்று கத்தி, மூச்சடைத்து விழுந்து செத்தார். அந்த நேரம் பார்த்துப் பின்னால் இருந்து, "தனியப் போகச் சொல்லி உனக்கு ஆர் சொன்னது?" என்று அண்ணையின் குரல் கூரையில் மோதியது. திரும்பினால், வியர்த்து ஒழுக, நெஞ்சைப் பொத்தியபடி வாங்குப் பலகையில் சரிந்திருக்கிறார்.

ஆம்புலன்ஸ் கொண்டுபோனது. நான் சொன்ன கதைதான் அவரை விழுத்தியது போல இருந்தது.

பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து மகள் போன் எடுத்தாள். நெஞ்சில் ஒன்றுமில்லை, காலையில் விழுங்கும் பிரஷர் குளிசையை வீட்டில் விட்டுவிட்டு வந்ததில் பிரஷர் ஏறிவிட்டது. நின்ற படியிலேயே இருந்துகொண்டு கேட்டேன்:

"அப்பாவுக்கு இன்னும் கோபமோ?"

"இல்லை அக்கா. பேர்லினுக்குச் சாமான் ஏத்த ஆர் வாறது எண்டு கேக்கிறார். பிறகு உங்களிட்டயும் ஒண்டு கேக்கச் சொன்னவர்: 'அந்த ராசாவுக்கு நேரத்துக்குக் குளிசை குடுக்க ஒருத்தரும் இருக்கேல்லையோ?'"

பேரரசரின் சாவை இப்போதும் சொல்கிறேன். எல்லோரையும் முதலில் இருத்தி, தண்ணீர் குடிக்க வைத்துவிட்டுத்தான்.