தெரிந்தே போட்ட சுவிட்ச்

நாமக்கல் பக்கம் ஒரு துணை மின்நிலையத்தில் ஆபரேட்டராக இருக்கிறேன். ஒரு பங்குனி மாதம், மாலை நான்கு மணிக்குத் திடீரென்று காற்றடித்து, கிராமங்களுக்குப் போகும் லைன் ஒன்று தானாகவே அணைந்துவிட்டது. கம்பி எங்கோ தரையைத் தொடுகிறது என்று பலகையில் விளக்கு எரிந்தது. லைன்மேன் போய்ப் பார்த்துச் சொல்லும்வரை நான் காத்திருக்க வேண்டும். அதற்குள் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் போன் செய்தார்.

“ஃபேன் நின்னு போச்சுங்க. இந்த வெக்கையில கோழியெல்லாம் செத்துருமுங்க. ஒருவாட்டி போட்டுப் பாருங்க மேடம்!”

அவர் குரல் உடைந்திருந்தது. சுவிட்சைப் போட்டேன். அந்த நொடியே மறுபடி அணைந்தது.

கொஞ்ச நேரத்தில் லைன்மேன் அழைத்தார். “கம்பி அந்து, சனங்க நடக்கற தடத்துல கெடக்குதுங்க. ஆடு மேய்க்கற அம்மா ஒருத்தங்க, யாரையும் கிட்ட உடாம நிக்கறாங்க.”

மறுநாள் அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். என் வயதுதான் இருக்கும். தடத்தோரப் புல் கருகியிருந்தது.

“பள்ளிக்கொடத்துப் புள்ளைங்க வந்துச்சுங்க. கையை விரிச்சு நிறுத்துனேன். அப்பத்தான் பொறி பறந்துச்சு” என்றார்.

கரண்ட் விட்டது நான்தான் என்றேன்.

“தெரியாம செஞ்சதுதானுங்களே?”

“இல்லைங்க. தெரிஞ்சுதான் போட்டேன்.”

அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாதம் அதே லைன் அணைந்தது. பண்ணைக்காரர் கெஞ்சினார், திட்டினார். லைன்மேன் சொல்லும்வரை நான் சுவிட்சைத் தொடவில்லை. கம்பியில் ஒரு தென்னை மட்டைதான் விழுந்திருந்தது. ஆனால் அதற்குள் பண்ணையில் கோழிகள் செத்துவிட்டன. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. இனியும் காத்திருக்கத்தான் போகிறேன்.