மலையிலிருந்து இறங்கிய தோணி

கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டிலிருந்து ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். நானும் என் மைத்துனர் முத்துசாமியும் சுமை தூக்கும் எட்டுப் பேரும். சுமை ஒரு தோணி.

மலையிலே தோணியா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பர்மாவில் ஐராவதி ஆற்றங்கரையில் படகு கட்டும் பட்டறையில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ராசிபுரத்துக்குத் திரும்பியவன் நான். மோகனூரில் காவிரியில் இறங்கி, கடல்வரை ஏறத்தாழ நூற்றைம்பது மைல் போக வேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசை. சடையக் கவுண்டர் என்ற மலை விவசாயியின் காட்டில் பெரும் பலா ஒன்று காற்றில் சாய்ந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டு, பன்னிரண்டு ரூபாய்க்கு வாங்கினேன். அந்த அடிமரத்தைக் கீழே கொண்டுவர யானை வேண்டும். குடைந்துவிட்டால் எட்டு ஆட்கள் போதும். ஆகவே அங்கேயே தங்கி ஏழு மாதம் குடைந்தேன். நீளம் பதினான்கு அடி, எடை ஏறக்குறைய பதினான்கு மணங்கு.

மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு ஒன்பது மைல் என்றார்கள். நடந்தபின் பன்னிரண்டு என்று தோன்றியது. முதல் நான்கு மைல் சாமையும் கேழ்வரகும் விளையும் மேட்டு நிலம். பெண்கள் களை எடுப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். “ஏனுங்க, இது மாட்டுக்குத் தண்ணி காட்டற தொட்டிங்களா?” என்று ஒருத்தி கேட்டாள். “ஆத்துல போறதுக்குக் கண்ணு,” என்றார் எங்களோடு சுமை தூக்கி வந்த சடையக் கவுண்டர். “இங்க ஏதுங்க ஆறு?” என்றாள் அவள்.

பத்து மணிக்கு இறக்கம் தொடங்கியது. ஆள் அகலப் பாதை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். தோள்களிலிருந்து தோணியை இறக்கி, பின்முனையில் கயிறு கட்டி, மேலேயுள்ள மரம் ஒன்றில் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவவிட்டோம். ஒவ்வொரு வளைவிலும் இதே வேலை. மரத்தடியில் கயிற்றைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கையில் அரிவாளும் இருந்தது.

பதினொன்றரை மணிக்கு, நான்காவது வளைவில் முன்முனை சறுக்கியது. தோணி பக்கவாட்டில் திரும்பிப் பாறையில் மோதி நின்றது. இடையில் பொன்னனின் கால். சடையக் கவுண்டரின் பங்காளி அவர். முப்பத்தைந்து வயதிருக்கும், முன்னால் வழி காட்டி நடந்தவர். அவர் கத்தவில்லை. மூச்சு மட்டும் பெரிதாக வாங்கினார்.

தூக்கிப் பார்த்தார்கள். இருவர் நிற்கத்தான் அங்கே இடமிருந்தது, தோணி அசையவில்லை. இழுபட்டு நின்ற கயிறுதான் அதைப் பாறையோடு வைத்து அழுத்திக்கொண்டிருந்தது.

“கவுத்த வெட்டுங்க சாமி!” என்று கீழிருந்து சடையக் கவுண்டர் குரல் கொடுத்தார்.

வெட்டினால் தோணி பள்ளத்தில் போய்விடும். நான் அரிவாளோடு நின்றேன். கயிற்றைத் தளர்த்தலாமா, வேறு மரத்துக்கு மாற்றலாமா என்று மனம் கணக்குப் போட்டது. மரத்தைச் சுற்றிய கயிறு இறுகிப்போயிருந்தது; இரண்டும் ஆகாது என்று எனக்கே தெரியும்.

“மச்சான்!” என்று முத்துசாமி அலறினார். வெட்டினேன்.

தோணி பாறையை உரசிக்கொண்டு இறங்கி, செடிகளை முறித்துக்கொண்டு கண்ணிலிருந்து மறைந்தது. அது எங்கேயோ மோதிய சத்தம் சற்றுக் கழித்துக் கேட்டது. பொன்னனின் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. தோணி தூக்கிய கம்பிலேயே கம்பளியைத் தூளியாகக் கட்டி, அவரைச் சுமந்துகொண்டு மூன்றரை மணிக்கு முள்ளுக்குறிச்சி சேர்ந்தோம்.

நான் பேசிவைத்திருந்த வண்டிக்காரர் காத்திருந்தார். “தோணி எங்கீங்க?” என்றார்.

“ஆளைத்தான் கொண்டுவந்திருக்கிறோம்,” என்றேன். அன்றே பொன்னனை ராசிபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மட்டை வைத்துக் கட்டினார்கள்.

பயணம் முடிந்தது என்றே நினைத்திருந்தேன். புரட்டாசி பிறந்து பத்தாம் நாள் சடையக் கவுண்டர் ராசிபுரத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“தோணி முள்ளுக்குறிச்சியில கெடக்குதுங்க. வண்டி அனுப்புங்க.”

“எப்படி இறக்கினீர்கள்?”

“மழ பேஞ்சு ஓடையில தண்ணி வந்துச்சுங்க. கவுத்தக் கட்டி அது வழியாவே உட்டோம். பொன்னன் சொல்லி உட்டான். காலும் ஒடஞ்சு தோணியும் இல்லீனா அப்பறம் எதுக்கு எறங்குனோம்னு கேக்கறான்.”

வண்டியில் வந்து சேர்ந்த தோணியின் இடது பக்கம் இரண்டரை அடிக்கு வெடிப்பு. செப்பாணி அடித்துத் தகடு வைத்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினேன். அதற்கு நான்கு நாளாயிற்று.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் வழியாக மோகனூர் ஏறத்தாழ இருபத்தெட்டு மைல். வண்டிச் சத்தம் ஐந்து ரூபாய். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்திருந்த பொன்னன் தானும் வருவதாகச் சொன்னார். காவிரியை அவர் பார்த்ததில்லை. தோணிக்குள் வைக்கோல் பரப்பி, கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார வைத்தோம். நாமக்கல் கடைவீதியில் ஒரு கூட்டமே பின்னால் வந்தது. சாமி ஊர்வலம் என்று நினைத்து ஓர் அம்மாள் கும்பிட்டாள். பொன்னன் கூச்சத்தோடு அவளைத் திருப்பிக் கும்பிட்டார்.

இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு மோகனூர்த் துறை. ஆறு கரை நிறைய ஓடியது. முத்துசாமி மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். பொன்னன் அருகில் படியில் உட்கார்ந்து, வழியெல்லாம் சொல்ல முடியாததைச் சொன்னேன்.

“அன்றைக்கு நான் உடனே வெட்டவில்லை, பொன்னன்.”

“தெரியுமுங்க. உங்க மொகத்தத்தான் பாத்துட்டிருந்தேன்.” ஆற்றைப் பார்த்தபடியே பேசினார். “ஏழு மாச வேலயாச்சே, நானா இருந்தாலும் ரோசிப்பேன். ஆனா நீங்க ரொம்ப நேரம் ரோசிச்சீங்க.”

குரலில் கோபமில்லை. வழி எவ்வளவு தூரம் என்று சொல்வதைப் போலச் சொன்னார். மன்னிக்கும்படி கேட்க வாயெடுத்தேன். “ஏறுங்க, வெயில் ஏறுது,” என்றுவிட்டார்.

தோணியைத் தள்ளினோம். ஒரு பக்கம் சற்றே சாய்ந்து, பிறகு நிமிர்ந்து மிதந்தது. படியிலிருந்து பொன்னன் உரக்கச் சிரித்தார். நீரோட்டம் எங்களை எடுத்துக்கொண்டது.

ஐராவதியில் எத்தனையோ படகுகளை நான் தண்ணீரில் இறக்கியிருக்கிறேன். அவை பட்டறை வாசலிலிருந்தே நழுவி ஆற்றில் விழும்; யார் காலிலும் ஏறி வந்ததில்லை. முதல் வளைவில் திரும்பிப் பார்த்தேன். வடக்கே கொல்லிமலை மங்கிய நீலமாக நின்றது. துறையில் வண்டிக்காரர் பொன்னனைத் தோள் கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தார். அவர் வண்டியில் ஏறும்வரை துடுப்புப் போடாமல் இருந்தேன். முத்துசாமி அவசரப்படுத்தவில்லை.