காற்றடிக்காமல் மாட்டிய குழாய்

எங்கள் பிராணி மருத்துவமனையில் எண்டோஸ்கோப் கழுவுகிற அக்காவுக்கு 'ஈரம்' என்று பட்டப்பெயர். வைத்தவள் நான்தான். வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவளுக்கு வாய் சும்மா இருக்குமா? இப்போது நினைத்தால் அந்த வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நாய், பூனைகளின் வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கிற அந்தக் கறுப்புக் குழாய் சொன்ன பக்கமெல்லாம் வளையும். அதற்குள் தீக்குச்சிப் பருமனில் ஒரு துவாரம் ஓடும். இடுக்கி போவது அந்த வழியாகத்தான். ஒவ்வொரு தடவையும் துவாரத்தை பிரஷ்ஷால் தேய்த்து, மருந்தில் ஊறவைத்து, அலசி, காற்றடித்துக் காயவைத்து, அலமாரியில் தொங்கவிட வேண்டும். பத்து நிமிடக் காற்றை அக்கா அரைமணி அடிப்பாள். அப்புறம் நுனியைக் காதில் வைத்துக் கேட்பாள். வீட்டுக்குக் கிளம்பியவள் பாதி வழியில் திரும்பி வந்து மறுபடி அடிப்பாள்.

"உள்ள ஏதோ கொறகொறங்குதுடி. பூனை மூச்சு விடுற மாதிரி."

"உனக்கு மறை கழண்டுபோச்சுக்கா."

ஒருநாள் சாப்பிடும்போது பாதியில் கையை உதறிவிட்டுச் சொன்னாள். போன வருடம் மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன். அலசிய குழாயைக் காற்றடிக்காமலே மாட்டிவிட்டு ஓடியிருக்கிறாள். மறுநாள் காலை இவள் வந்து சேர்வதற்குள், ஹேர்பேண்டு விழுங்கிய ஒரு பூனைக்குள் அதை விட்டுவிட்டார்கள். ஹேர்பேண்டு அழகாக வெளியே வந்தது. மூன்றாம் நாள் பூனைக்குக் காய்ச்சல், ஐந்தாம் நாள் முடிந்துபோனது.

"உள்ள ஈரம் நின்னா கிருமி பெருகும். அதனாலதான் செத்துச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது. எனக்குத்தான் தூக்கமே வரல. டாக்டர்கிட்டகூட சொல்லலடி."

நான் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

போன வாரம் அந்தப் பூனையை வளர்த்தவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், தடுப்பூசி போட ஒரு குட்டியோடு வந்தார். அக்கா அவரைப் பார்த்ததும் நேரே என் மேசைக்கு வந்தாள்.

"சொல்லிடப் போறேன்."

"வேலை போயிடும். வாயை மூடிட்டு இரு அக்கா!" என்று கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டுப் போய் அவர் முன்னால் நின்றாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கத்துவார், மேசையைத் தட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் குட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அது என் பொண்டாட்டியோட ஹேர்பேண்டும்மா," என்றார் கடைசியில். "கண்ட எடத்துல போட்டு பூனையைக் கொன்னுட்டியேன்னு அவளைத் திட்டினேன். அதோட பேச்சை நிறுத்தினவன்தான். ஏழு மாசம் ஒரு வார்த்தை பேசல."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். "இப்பவே வர்றேன் அண்ணா. அண்ணிகிட்ட நானே சொல்றேன். அவங்க மேல தப்பில்லன்னு சொல்றேன்."

"யார்கிட்டம்மா சொல்லுவே?" என்றார். "எட்டாவது மாசம் அவளும் போயிட்டா."