மாமா கடை ஸ்டாப்பிங்

என் தாய்மாமாவை எனக்குப் பிடிக்காது. அவர் மௌத்தாகி வருஷம் பல ஆகிவிட்டது. போய்ச்சேர்ந்தவரைக் குறை சொல்லாதே என்று வீட்டில் இன்றும் என்னை அடக்குகிறார்கள். உயிரோடு இருந்தபோதும் அடக்கினார்கள். இரண்டு தடவையும் நான் கேட்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லில் தோல் ஷாப்புகள் இருந்த பக்கத்தில் எங்கள் வீடு. தோல் பதனிடும் இடத்தை நாங்கள் ஷாப்பு என்றுதான் சொல்வோம். அத்தா அப்படி ஒரு ஷாப்பில் தோலைத் தரம் பிரிக்கிற வேலை பார்த்தார். நான் டீச்சர் டிரெயினிங் முடித்து, ஊரின் மறுகோடியில் ரயில் கேட்டைத் தாண்டி இருந்த ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். எங்கள் தெருவிலிருந்து சம்பளத்துக்குப் போன முதல் பெண் நான். அதற்காக யாரும் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நான் நடப்பேன், அத்தா சற்று முன்னால் நடப்பார். தினமும் குதிரை வண்டி வைக்க என் சம்பளம் காணாது. கண்டாலும் வண்டிக்காரனோடு தனியாக அனுப்ப அத்தா சம்மதிக்க மாட்டார். என்னை விட்டுவிட்டு அவர் ஷாப்புக்குப் போய்ச் சேரும்போது அங்கே பாதி வேலை முடிந்திருக்கும். முதலாளி கொஞ்ச நாள் முறைத்தார். பிறகு எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"மகளுக்குக் காவல் போறதுன்னா அதையே வேலையா வச்சுக்க வேண்டியதுதானய்யா?"

அன்று சாயங்காலம் அத்தா என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ஊருக்குள்ள டவுன் பஸ் விடப்போறாங்களாம். நம்ம தெருவுக்கு பஸ் வந்தா நீ பாட்டுக்குப் போயிட்டு வா. வரலேன்னா வேலைய விட்டுட்டு வீட்டுல இரு தாயி. இதுக்கு மேல என்னால ஏலாது."

நான் படித்த படிப்பு, வாங்கிய வேலை எல்லாம் இன்னும் வராத ஒரு பஸ்ஸை நம்பி நின்றது. அந்த நேரம் பார்த்து நகரசபைத் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் மாமா சுயேச்சையாக நின்றார்.

மாமாவுக்குக் கடைவீதி முனையில் சாப்பாட்டுக் கடை. காலையில் இட்லி, ஆப்பம், மத்தியானம் கறிச்சோறு. நல்ல வியாபாரம். அத்தரும் ஜிப்பாவுமாகத் திரிவார். அம்மாவுக்கு அண்ணன் என்றால் உயிர். மாமா எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "நான் ஜெயிச்சா மொத வேலையா பஸ்ஸத் தெருவுக்குள்ள கொண்டாருவேன். ஆனா பொம்பளைங்க ஓட்டு வேணுமே, நான் எப்படி வீட்டுக்குள்ள போய்ப் பேசுறது? நீதான் டீச்சராச்சே, நீ போய்ச் சொல்லு தாயி" என்றார்.

நான் போனேன். வீடு வீடாகப் போனேன். ஆண்கள் ஷாப்புக்குப் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து பேசினேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போய் வந்துவிடலாம், புருஷனுக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம் என்று சொன்னேன். எந்தச் சின்னம், எங்கே போடுவது என்று கரித்துண்டால் தரையில் வரைந்து காட்டினேன். அதுவரை ஓட்டுச்சாவடிப் பக்கமே போகாத பெண்கள் அன்று துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மாமா ஜெயித்தார். அவர் வாயால் அல்ல, என் வாயால் ஜெயித்தார்.

அப்போதெல்லாம் சேர்மனை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. வார்டுகளில் ஜெயித்த மெம்பர்கள் கூடி ஓட்டுப் போட்டு ஒருவரைச் சேர்மன் ஆக்குவார்கள். போட்டிக்கு இரண்டு பேர். ஒருவர் வக்கீல். அவர் பஸ் எல்லா வார்டுக்கும் போகவேண்டும் என்று மேடையில் பேசியவர். இன்னொருவர் பஸ் முதலாளி. வரப்போகிற டவுன் பஸ்ஸும் அவருடையதாகத்தான் இருக்கும் என்று ஊருக்கே தெரியும். இரண்டு பக்கமும் மெம்பர்கள் சரிசமமாக இருந்தார்கள். நடுவில் எங்கள் மாமா.

மாமா காணாமல் போனார். கொடைரோட்டில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு மௌத்து, அதற்குப் போயிருக்கிறார் என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். சேர்மன் தேர்தல் அன்று காலையில் பஸ் முதலாளியின் கார் அவரை நேராக நகரசபை வாசலில் இறக்கிவிட்டது. தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மப்ளர், சளி பிடித்த மூக்கு. பஸ் முதலாளி சேர்மன் ஆனார். சாயங்காலம் மாமா எங்கள் வீட்டுக்கு ஒரு கூடை மலைப் பேரிக்காயும் பிளம்ஸும் அனுப்பிவைத்தார். கொடைரோட்டில் எந்த மௌத்து வீட்டில் பிளம்ஸ் கொடுக்கிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வாய மூடு. அண்ணன் செஞ்சா ஒரு காரணம் இருக்கும்" என்றாள்.

காரணம் அடுத்த கூட்டத்தில் வெளியே வந்தது. டவுன் பஸ் எந்த வழியாகப் போகவேண்டும், எங்கெங்கே நிற்கவேண்டும் என்று நகரசபை தீர்மானம் போட்டு கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பவேண்டும். தெருக்காரர்களோடு அத்தாவும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தார். தோல் ஷாப்புத் தெருவுக்கு பஸ் விடுங்கள் என்று வக்கீல்தான் கேட்டாராம். அதற்குச் சேர்மன் எழுந்து, "விட்டுறலாம். ஆனா தோல் நாத்தத்துல மத்த ஜனங்க எப்படி உக்காருவாங்க? பஸ்ஸக் கழுவுறதுக்கே நான் ஒரு ஆளு போடணும்" என்றாராம். மன்றமே சிரித்ததாம். ரயில் கேட்டில் புறப்பட்டு ஸ்டேஷன் வழியாகக் கடைவீதி வரை பஸ் வரும், அங்கேயே திரும்பிவிடும் என்று தீர்மானம். கடைசி ஸ்டாப்பிங் மாமாவின் சாப்பாட்டுக் கடை வாசல். மாமா கையைத் தூக்கினார்.

"மாமாவும் சிரிச்சாரா அத்தா?" என்று கேட்டேன்.

அத்தா வெகுநேரம் கால் கழுவிக்கொண்டிருந்தார். "சிரிச்சான்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமாவை வளர்த்து ஆளாக்கியதே ஷாப்பு வேலைதான். அவருடைய அத்தாவும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோல் அலசியவர்தான். மாமா கடைச் சால்னா வாசம் பஸ்ஸுக்கு ஆகும், எங்கள் வாசம் ஆகாதாம். தெருவில் நான் தலைகாட்ட முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி என் வயதுக்காரி, அதற்குள் இரண்டு பிள்ளை பெற்றவள், நாக்கில் முள் உள்ளவள். குழாயடியில் எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் டீச்சரு, பஸ்ஸு எங்க? தரையில வரஞ்சு காட்டுனியே, அதுலயே ஏறிப் போகச் சொல்றியா?"

குடத்தை அரைகுறையாக நிரப்பிக்கொண்டு வந்தேன்.

பஸ் ஓடத் தொடங்கியது. முகப்பில் தோரணம் கட்டி, ஹாரன் அடித்துக்கொண்டு, மாமா கடை வரைக்கும் வந்து திரும்பிப் போனது. மறுநாள் அத்தா சொன்னார்: "அம்புட்டுத்தான் தாயி. பள்ளிக்கூடத்துல எழுதிக் குடுத்துரு."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கோபத்தில்தான் அந்த யோசனையும் வந்தது.

"பஸ்ஸு வந்தாப் போகலாம்னு சொன்னீங்கள்ல? வந்திருக்கு. நம்ம தெருவுக்கு வரல, மாமா கடைக்கு வந்திருக்கு. நான் கடைவீதிக்குப் போகல அத்தா. எங்க மாமா கடைக்குப் போறேன். தாய்மாமன் கடைக்கு மருமக தனியாப் போறதுல யாரு என்ன குத்தம் சொல்லுவா?"

அத்தா அம்மாவைப் பார்த்தார். அண்ணன் கடைக்குப் போவது தப்பு என்று அம்மாவால் எப்படிச் சொல்ல முடியும்? அவள் வாயடைத்துப் போனதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். அதில் எனக்குக் கிடைத்த திருப்தியை இன்றும் மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் காலை தனியாகப் போய் மாமா கடை வாசலில் நின்றேன். காலை இட்லிக்குக் கூட்டம் வரும் நேரம். எல்லாம் ஆண்கள். மாமா கல்லாவிலிருந்து என்னைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தார்.

"என்ன புள்ள இங்க நிக்கிற?"

"பஸ்ஸுக்கு மாமா."

"உள்ள வந்து உக்காரு தாயி. நாலு பேரு பாக்குறாங்க."

"பாக்கட்டும் மாமா. ஓட்டுக் கேக்க என்னைய வீடு வீடா அனுப்புனப்ப நாலு பேரு பாக்கலையா?"

அவர் முகம் சிறுத்துப் போனது. சப்ளையரிடம் டீ கொடுத்தனுப்பினார். வேண்டாம் என்று திருப்பினேன். அடுத்த நாள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போடச் சொன்னார். நான் உட்காரவில்லை. சாப்பிட வந்தவர்கள், "யாரு பாய் அது?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? என் மருமகள் என்று சொன்னால் அவருக்குக் கேவலம், யாரோ என்று சொன்னால் அதைவிடக் கேவலம். எனக்கும் அங்கே நிற்கக் கூசியது, துப்பட்டிக்குள் வேர்த்துக் கொட்டியது. ஆனால் அவருக்கு என்னைவிட அதிகமாக வேர்த்தது. அது போதும் என்றிருந்தது.

கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டுக்காரி காய்ச்சல்கார மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். "டீச்சரு நிக்கலாம், நான் நிக்கக் கூடாதா?" என்று கேட்டாளே தவிர, என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பிறகு இன்னொருத்தி வந்தாள். ஆஸ்பத்திரிக்கு, ரேஷனுக்கு, தாய் வீட்டுக்கு என்று ஆளுக்கொரு வேலை. தாய்மாமன் கடை எனக்கு மட்டும்தான். ஆனால் வார்டு மெம்பர் கடை எல்லோருக்கும் பொது என்று தங்கள் வீட்டு ஆண்களிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். கடை வாசலை அடைத்துக்கொண்டு வெள்ளைத் துப்பட்டிகள். அவர்களைத் தாண்டி உள்ளே போகக் கௌரவமான ஆண்களுக்குக் கூச்சம். எட்டிப் பார்த்துவிட்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். காலை வியாபாரம் படுத்தது.

மாமா ஒரு நாள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் குதித்தார். "ஒம் மக என் மானத்த வாங்குறா. ஒண்ணு அவள வீட்ல வை, இல்ல நான் இந்த வீட்டு வாசப்படி மிதிக்கல."

அத்தா அதுவரை மாமாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று கையில் இருந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஸ்டாப்பிங்க ஒங்க கடையில வச்சது நானா மச்சான்?" என்று கேட்டார்.

மாமா போய்விட்டார். அதன் பிறகு நடந்ததெல்லாம் அவர் ஓட்டம்தான். சேர்மன் வீட்டுக்கு ஓடினார், கலெக்டர் ஆபீசுக்கு ஓடினார், வக்கீல் காலில்கூட விழுந்தார் என்று சொன்னார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் கடைசி ஸ்டாப்பிங் கடைவீதியிலிருந்து எடுக்கப்பட்டு எங்கள் தெரு முனைக்கு வந்தது. எங்கள் மேல் இரக்கப்பட்டு அல்ல, கடை வாசலைக் காலி செய்வதற்காக. திறப்பு விழாவில் சேர்மனுக்கு மாலை போட்டுவிட்டு மாமா மைக்கைப் பிடித்தார். "எங்க வீட்டுப் புள்ள ஒண்ணு கேட்டுச்சு, இந்தா கொண்டாந்துட்டேன்" என்றார். ஜனங்கள் கை தட்டினார்கள். நான் மைக்கைப் பிடுங்கப் போனேன். அம்மா என் துப்பட்டியைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

என் வேலை நிலைத்தது. ஆனால் கோபம் தணியவில்லை. அடுத்த தேர்தலில் மாமா மறுபடியும் நின்றார். எதிர்த்து நின்றவர் சேர்மனின் மச்சினன். மாமா என்னைக் கூப்பிடவில்லை, கூப்பிட அவருக்குத் தைரியம் இல்லை. நானாகவே வீடு வீடாகப் போய், பழையபடி அடுப்படியில் உட்கார்ந்து, அவருக்குப் போடாதீர்கள் என்று சொன்னேன். பிளம்ஸ் கதையைச் சொன்னேன். அவர் சிரித்த கதையையும் சொன்னேன். எல்லோரும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார்கள். ஓட்டு எண்ணினால் மாமா முன்னைவிட அதிகமாக வாங்கி ஜெயித்திருந்தார்.

நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவள் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

"நீயுமா அவருக்குப் போட்ட?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"வெக்கமா இல்ல ஒனக்கு? நம்மள நாத்தம்னு சொன்னப்ப உக்காந்து சிரிச்ச மனுசன்."

அவள் அரிவாள்மனையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "எனக்கு எதுக்கு வெக்கம்? ஒங்க மாமாவுக்கு இருக்கே, அது போதும். நாலு பொம்பளைங்க வாசல்ல நின்னா அவருக்கு வேர்த்துப் போகுது, ஓடிப் போயி பஸ்ஸக் கொண்டாராரு. சேர்மன் மச்சினங்காரன் வாசல்ல நீ வருசம் பூரா நின்னாலும் அவன் ஒன்னையத் திரும்பிப் பாப்பானா? ஒன் கோவத்துக்கு ஓட்டுப் போட்டுட்டு நாங்க எங்க போயி நிக்கிறது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கத்தரிக்காயை எடுத்து எறிந்திருப்பேன். எறியவில்லை. அவள் சொன்னதில் தப்பு எங்கே என்று தேடிக்கொண்டே வாசலுக்கு வந்தேன்.

பின்னாலேயே அவள் குரல் வந்தது. "மேலத் தெருக் குழாயில தண்ணி வராம ஒரு வாரமாச்சு. நாளைக்குக் காலையில இட்லி நேரத்துக்கு ஒங்க மாமா கடை வாசலுக்குப் போறோம். வாரியா?"

மறுநாள் எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. லீவு சொல்லிவிட்டுப் போனேன்.