எரிந்துபோனதாகச் சொன்ன பத்திரம்

காலை எட்டு இருபத்தைந்துக்குக் குளித்துவிட்டுச் சாமி அலுமாரியைத் திறந்தேன். பிள்ளையாரைக் காணவில்லை.

அகதியாக வந்து குடியேறிய ரெக்ஸ்டேல் அபார்ட்மென்டில் எங்களுக்குச் சாமியறை என்று தனியாக ஒன்று இருக்கவில்லை. உடுப்பு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு சாண் உயரப் பித்தளைப் பிள்ளையார், காலடியில் எலி, பக்கத்தில் அந்தோனியார் படம். கீழே குளிர்கோட்டுகள் தொங்கின. அதனால் பிறம்ரன் வெயர்ஹவுஸில் நான் சாம்பிராணி மணத்தோடுதான் பெட்டி அடுக்கினேன். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கொழும்பு வீட்டை விட்டு ஓடியபோது மனைவி கைப்பைக்குள் போட்டுக்கொண்டது இந்தப் பிள்ளையாரை மட்டும்தான்.

"பிள்ளையார் எங்கை?"

"மகள் கொண்டு போயிட்டாள். வகுப்பில ஏதோ கண்காட்சியாம்," என்றாள் மனைவி குசினிக்குள் இருந்து.

"நீர் பாத்துக்கொண்டு நிண்டனீரோ?"

"கேட்டுத்தானே கொண்டு போனவள். நான் பூவும் வச்செல்லோ அனுப்பினனான்."

அலுமாரிக் கதவைச் சாத்தினேன். மகள் படித்தது கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில். கன்னியாஸ்திரிகளிடம் விட்டால்தான் பிள்ளை உருப்படும் என்று நம்பிய ஆட்கள் நாங்கள். மனைவி ஊரில் கான்வென்டில் நெற்றியில் திருநீறோடு பத்து வருடம் படித்தவள். அங்கே அவளை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. இங்கே சேர்க்கப் போனபோது அலுவலகப் பெண் ஞானஸ்நானப் பத்திரம் கேட்டார்.

எங்கள் கடதாசியெல்லாம் வீட்டோடு எரிந்துவிட்டது என்றேன். அது உண்மை. எரிந்தவற்றில் அந்தப் பத்திரம் இருக்கவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. எந்தத் தேவாலயம் என்று கேட்டார். கொழும்பில் அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமை தவறாமல் போவோம் என்றேன். அதுவும் உண்மை. செவ்வாய் அந்தோனியார், வெள்ளி பிள்ளையார்: கொழும்பில் சைவக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுதான் வாடிக்கை. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தில் முத்திரை குத்தினார். அந்தச் சத்தம் இரண்டு வருடமாக என் வயிற்றுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. உண்மை வெளியே வந்தால் பிள்ளையை நிற்பாட்டிவிடுவார்கள்.

இப்போது பிள்ளையாரே நேரில் போய்விட்டார்.

குற்றம் என்னுடையதுதான். போன வாரம் சாப்பிடும்போது மகள் கேட்டாள்: "அப்பா, சுத்திவர எல்லாருக்கும் வேற வேற கடவுள் இருக்கேக்குள்ள முதல் கிறிஸ்தவர்கள் என்னண்டு இருந்தவை? எனக்கு ப்ராஜெக்ட்."

நான் சரித்திரப் பட்டதாரி. ஐந்து வருடமாக என்னிடம் ஒருவரும் சரித்திரம் கேட்கவில்லை. சோறு காயும்வரை சொன்னேன். பழைய கோயில்களை எல்லா இடமும் இடிக்கவில்லை, சில இடங்களில் தண்ணீர் தெளித்துக் குடிபுகுந்தார்கள் என்றேன். காய்ச்சல் தீரப் பழைய தெய்வத்துக்கு நேர்ந்த சுனையில் பிறகு ஒரு புனிதருக்கு நேர்ந்தார்கள் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். ரோம ஆட்சியில் ஒரு காலத்தில் எல்லோரும் பழைய தெய்வங்களுக்குத் தூபம் போட்டு, போட்டதற்கு அதிகாரியிடம் பத்திரம் வாங்க வேண்டியிருந்தது, சில கிறிஸ்தவர்கள் தூபம் போடாமலே பத்திரம் வாங்கிவிட்டார்கள் என்றும் சொன்னேன். சொன்ன உற்சாகத்தில், "உன்ர அப்பாவும் அப்பிடி ஒரு ஆள்தான்," என்று முழுக்கதையையும் அவிழ்த்துவிட்டேன். மகள் கொப்பியில் ஏதோ எழுதினாள். அதைக் கண்டு பெருமைப்பட்டேன்.

பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். மண்டபத்தில் பெற்றோர் சிலர் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சப்பாத்துப் பெட்டியை நிமிர்த்திச் செய்த ரோமக் கோயிலுக்குள் பிள்ளையார் தலையில் கார்னேஷன் பூவோடு இருந்தார். கீழே மகளின் எழுத்தில் ஒரு அட்டை:

'உள்ளூர்த் தெய்வம். முதல் கிறிஸ்தவர்கள் இப்படியான தெய்வங்களுக்குப் பக்கத்தில் வாழ்ந்தார்கள். எங்கள் அலுமாரியில் இவருக்குப் பக்கத்தில் அந்தோனியார் இருக்கிறார். அந்தக் காலத்தில் சிலர் செய்யாததற்குப் பத்திரம் வாங்கினார்கள். என் அப்பா இல்லாத பத்திரம் எரிந்துவிட்டது என்றார்.'

வகுப்பாசிரியையான கிழக் கன்னியாஸ்திரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு மேசைக்கு அப்பால் வந்துகொண்டிருந்தார். சரித்திரப் பட்டதாரி பின்கதவால் வெளியேறினார்.

நேரே கீழ்மாடி அண்ணையிடம் போனேன். மன்னார்க்காரர், பிறவிக் கத்தோலிக்கர்.

"அண்ணை, இண்டைக்கே ஞானஸ்நானம் எடுக்கேலுமோ?"

"உதென்ன காய்ச்சல் ஊசியே, நினைச்சவுடனை போட? மாசக்கணக்கில படிக்கவேணும்."

"அவசரமெண்டால்?"

"சாகக் கிடந்தால் உடனை குடுப்பினம்."

"கிட்டத்தட்ட அந்த நிலைதான் அண்ணை."

அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, அவருக்கு நான் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

வேலைக்குச் சுகமில்லை என்று போன் செய்தேன். அது பொய்யில்லை. பின்னேரம் நாலு மணிக்குக் கதவு தட்டிக் கேட்டது. எண்பத்துமூன்றிலிருந்து கதவு தட்டும் சத்தம் எனக்கு ஒத்துவருவதில்லை. கோட்டுகளுக்கு நடுவே ஒதுங்கி நின்றேன். மனைவிதான் திறந்தாள்.

மகள். பின்னால் கன்னியாஸ்திரி. அவர் மடியாத முழங்காலோடு குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். கையில் கம்பளிச் சால்வை சுற்றிய பிள்ளையார். துதிக்கை மட்டும் வெளியே தெரிந்தது.

"இட்ஸ் ஓகே அப்பா, வெளியில வாங்கோ," என்றாள் மகள்.

வந்தேன். பள்ளிப் பிள்ளை போலக் கையைக் கட்டிக்கொண்டு, இங்கிலிஷில் பாவசங்கீர்த்தனம் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். அலுமாரியை எட்டிப் பார்த்து, பிள்ளையாரை அந்தோனியாருக்குப் பக்கத்தில் தாமே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எங்கள் அயர்லாந்தில் இன்னமும் சுனைக்கரை மரத்தில் துணி கட்டி நேர்கிறார்கள். என் அம்மாவும் கட்டினார். பொய்ப் பத்திரம் வாங்கியவர்களை அந்தக் காலத்துச் சபை திரும்பவும் சேர்த்துக்கொண்டது, ஐயா. அதையும் நீங்கள் பிள்ளைக்குச் சொல்லியிருக்கலாம். படிவத்தைத் திருத்தி எழுதித் தாருங்கள். தலைமையாசிரியரோடு பேசிவிட்டேன், பிள்ளை எங்களிடமே படிப்பாள். ஆனால் அந்தப் பொய்ப் பத்திரக்காரர்களுக்குச் சபை தண்டனையும் கொடுத்தது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு நீங்கள் வகுப்புக்கு வர வேண்டும். இவ்வளவு பெரிய உடம்பு அந்தச் சின்ன எலியில் எப்படிப் போகிறது என்று முப்பது பிள்ளைகள் காலையிலிருந்து என்னைக் கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை."