வெனேரா அண்ணியும் கறுப்புப் பிடிக் கத்தியும்

வெனேரா அண்ணியின் படகில் கறுப்புப் பிடி போட்ட கத்தி இருக்கக் கூடாது. அவள் தலைவி, நான் சமையல்காரன், வாயை மூடிக்கொண்டு இருப்பேன். ஆனாலும் என் படுக்கைக்கு அடியில், பழைய சட்டையில் சுற்றி, அண்ணன் கயெத்தானோவின் கத்தியை ஒளித்துத்தான் வைத்திருந்தேன்.

கோடைச் சூடு இன்னும் நீரில் இருக்கும்போதே அக்டோபரில் குளிர்ந்த மேகம் வந்துவிட்டால், அதிலிருந்து ஒரு வால் கடலுக்கு இறங்கும். சுழன்று வரும் நீர்த்தூண் அது. எங்கள் லிப்பாரித் தீவில் சிலருக்கு அந்த வாலை அறுக்கத் தெரியும். நேருக்கு நேர் நின்று, மந்திரத்தை முணுமுணுத்து, காற்றில் கறுப்புப் பிடிக் கத்தியை வீச வேண்டும். மந்திரத்தைக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் மட்டுமே சொல்லிக்கொடுப்பார்கள்; எனக்கும் அண்ணனுக்கும் அப்பா அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். கத்தி வேறெதையும் தொடக் கூடாது, ரொட்டியைக்கூட. தொட்டால் செத்த கத்தி.

என் அண்ணன் அப்படித்தான் மீன்படகின் எஞ்சினை நிறுத்திவிட்டு வாலுக்கு எதிரே நின்றான். படகு கவிழ்ந்து கிடைத்தது, கத்தி அதன் பலகை இடுக்கில் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. ஓடியிருந்தால் பிழைத்திருப்பான் என்பாள் அண்ணி. ஊறுகாய் போடும் கேப்பர் செடியின் மொட்டு பறித்துக்கொண்டிருந்தவள், பிறகு படகோட்டும் பரீட்சை எழுதி, பாய்மரப் படகில் வெளியூர்க்காரர்களைத் தீவு தீவாய்க் கூட்டிப்போக ஆரம்பித்தாள். துறைமுகத்தில் கிண்டல் செய்தவர்களுக்கு அவள் கொடுத்த பதிலை அச்சில் போட முடியாது.

அன்று பனாரேயா தீவிலிருந்து எரிமலைத் தீவான ஸ்த்ரோம்போலிக்குப் போய்க்கொண்டிருந்தோம். நல்ல வெயில். மிலானோவிலிருந்து வந்த எத்தோரேயும் அவன் மனைவியும் எரிமலைப் புகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று காற்று நின்றது. தெற்கே கறுத்திருந்த மேகத்திலிருந்து வால் இறங்கியது.

"பாயை எறக்கு," என்றாள் அண்ணி. குரலில் பதற்றமே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

எத்தோரே உதவுகிறேன் பேர்வழி என்று அவிழ்த்த கயிற்றை அப்படியே கடலில் நழுவவிட்டான். அண்ணி எஞ்சினைப் போட்டதும் அது படகுக்கு அடியில் சுழலும் விசிறியில் சுற்றி இறுகியது. எஞ்சின் திணறி நின்றது.

அண்ணி அவனைத் திட்டக்கூட இல்லை. கயிற்றை அறுக்க இடுப்புக் கத்தியோடு குதித்தாள். நான் கீழே ஓடிக் கறுப்புக் கத்தியை எடுத்து வந்து முன்புறம் நின்றேன். வாலின் இரைச்சல் காதுக்கு எட்டிவிட்டது. அது எங்களைத்தான் பார்த்து வந்தது. கையைத் தூக்கியபோது பின்னால் அண்ணி தண்ணீருக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"மிம்மோ, கத்தி நழுவிருச்சுடா. வேற குடு."

"சமையல் கத்தி தரேன் அண்ணி."

"அது வெண்ணெயை வெட்டவே யோசிக்கும்." அப்போதுதான் என் கையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. "அதக் குடு."

"கயித்துல பட்டா செத்துரும். நான் அறுத்துடறேன் அண்ணி, வால் கிட்ட வந்துருச்சு."

"உங்கண்ணனும் இதத்தான் சொல்லியிருப்பாரு. குடுடா."

என் கை வரவில்லை. ஒரு பக்கம் வால், ஒரு பக்கம் அவள். அண்ணனைப் பறிகொடுத்தவள் கேட்கிறாளே என்று நினைத்தேன். குனிந்து கொடுத்துவிட்டேன்.

அவள் மூழ்கினாள். எத்தோரேயின் மனைவி பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் வெறுங்கையை வீசி மந்திரத்தைச் சொன்னேன், வெட்கமாகத்தான் இருந்தது. வால் உறிஞ்சிய நீர் எங்கள் மேல் சாரலாய் விழ ஆரம்பித்தது. அண்ணி மேலே வரவில்லை. கத்தியைக் கொடுத்து அவளையும் அனுப்பிவிட்டேன் என்றே நினைத்தேன்.

வந்தாள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஏணியில் ஏற்றிவிட்டேன், எஞ்சின் பிடித்தது. சுக்கானை முழுக்கத் திருப்பிக் குறுக்கே ஓட்டினாள். நாங்கள் நின்றிருந்த இடத்தைக் கடைந்துகொண்டு வால் போனது. மேல்தளத்தில் இருந்த தட்டுகளும் மெத்தைகளும் அதோடு போயின.

சாயங்காலம் பனாரேயாவுக்கே திரும்பி நங்கூரம் போட்டோம். விருந்தாளிகள் கீழே படுத்துவிட்டார்கள். அண்ணி கறுப்புக் கத்தியால் ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, தண்ணியிலேருந்து வரும்போது என்னவோ சொல்லிட்டிருந்த."

"ஆமா."

"உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"உங்கண்ணன்தான். கல்யாணமான வருஷம், கிறிஸ்துமஸுக்கு மொத நாள் ராத்திரி."

"நீதான் நம்ப மாட்டியே."

"இப்பவும் நம்பல." துண்டை என் பக்கம் நகர்த்தினாள். "கயிறு அறுபடல, மூச்சு முட்டுச்சு. அவரு குரல்தான் ஞாபகம் வந்துச்சு. அதையே பிடிச்சுக்கிட்டு அறுத்தேன்."

அவள் கத்தியை ஈரத்துணியால் துடைத்து, என் சமையல் கத்திகளோடு சேர்த்து வைத்தாள்.

"சாப்பிடு. நாளைக்கு மீன் அறுக்க இத எடுத்துக்கோ."